பேர்னி கிரான்ட் கலை நிலையம்: லண்டனுக்குப் பிள்ளை பார்க்கப் போகும் அம்மாமாருக்கு

பக்கத்து வளவுத் தங்கச்சி அடுத்த மாதம் லண்டனுக்குப் போகிறாள். மகளுக்கு இரண்டாவது பிள்ளைப்பேறு. விசா வந்துவிட்டது. பிள்ளைப்பேற்றுக் காயச்சரக்கு இடித்தாயிற்று, கருவாட்டை மூன்று பைக்குள் சுற்றியாயிற்று. போன வெள்ளிக்கிழமை வேலியடியில் நின்று கேட்டாள்.

“அங்க ஆறு மாசம் இருந்து நான் என்னத்தச் செய்யிற டீச்சர்? பிள்ளையக் குளிக்க வார்த்துப்போட்டு நாலு சுவரப் பார்த்துக்கொண்டு இருக்கிறதுதானே?”

“ஏன் கா அப்படி? டொட்டன்ஹாமுக்குப் போ. பேர்னி கிரான்ட் கலை நிலையம் எண்டு ஒண்டு இருக்கு. பஸ்ஸில ஏறினா அரை மணித்தியாலம்.”

“அது என்ன டீச்சர், கோயிலா?”

கோயில் இல்லை, வடக்கு லண்டனில் கறுப்பின மக்களின் ஆட்டமும் பாட்டும் நடக்கிற அரங்கு. ஆனால் வேலியடியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அவளுக்காகவும், கிழக்கிலங்கையில் கல்லடியில் இருந்தும் களுவாஞ்சிக்குடியில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் இப்படிப் பிள்ளை பார்க்கப் போகிற மற்ற அம்மாமாருக்காகவும் எழுதுகிறேன்.

நான் வடக்கு லண்டனில், வூட் கிரீனில் உள்ள மகள் வீட்டில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி முடிய இருந்தேன். மார்கழியில் அங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மருமகன் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு, மகள் கைக்குழந்தையோடு அரைத் தூக்கத்தில். குளிரை நான் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது சத்தமின்மைதான். பேத்திக்குத் தாளம் காட்ட மேசையில் நாலு தட்டுத் தட்டினால், “அம்மா, மெதுவா, கீழ்வீட்டில ஆக்கள்” என்பாள் மகள். அவளைக் குறை சொல்ல முடியாது, அந்த வீடுகளின் அமைப்பு அப்படி. ஆனால் நான் மட்டக்களப்பில், கன்னன்குடாவில், கூத்துப் பழக்கி மத்தளம் அடிக்கிற ஒரு அண்ணாவியாருக்கு மகளாகப் பிறந்தவள். கூத்துக் களரியில் மத்தளம் முழங்க, பாயில் படுத்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே நித்திரை கொண்டு வளர்ந்தவள். சத்தம் போடாமல் இருப்பது எனக்கு மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதுபோல இருந்தது.

டொட்டன்ஹாம் பக்கம் போகப்போகிறேன் என்றதும் டெலிபோனில் ஒரு உறவுக்காரர் தடுத்தார். பல வருசம் லண்டனில் இருப்பவர். “அங்க தனியப் போகாதீங்க, முழுக்கக் காப்பிலிகள்” என்றார். கறுப்பின மக்களைக் கீழாகக் குறிக்கிற இந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். என் வீட்டிலும் அது புழங்கியிருக்கிறது. நானும் மறுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. போர்த்துக்கேயர் ஆபிரிக்காவில் இருந்து ஆட்களைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்த காலத்தில் எங்கள் மொழிக்குள் வந்த சொல் அது. அதே வேரில் இருந்து வந்த இன்னொரு சொல்லும் எங்கள் ஊரில் இருக்கிறது. மட்டக்களப்பு டச்பாரில் வாழ்கிற, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், வயலின் எடுத்ததும் கிழவர் முதல் குழந்தை வரை எழும்பி ஆடுகிற அந்த ஆட்டத்துக்குப் பெயர் ‘காப்பிரிஞ்ஞா’. ஒரே வேர்ச்சொல்லை ஆளுக்கு வைத்தால் ஏச்சு, ஆட்டத்துக்கு வைத்தால் கொண்டாட்டம் என்று வைத்திருக்கிறோம். அந்த உறவுக்காரர் சொன்ன குரலும் எனக்குப் புதிதில்லை. பறை அடிப்பவரைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசுகிற அதே குரல்.

அவருடைய பயத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1985 ஒக்டோபரில் டொட்டன்ஹாமில் ஒரு வீட்டைப் பொலிஸார் சோதனை போட்டபோது, சிந்தியா ஜாரெட் என்ற தாய் நெஞ்சடைத்து இறந்துபோனார். அடுத்த நாள் புரோட்வோட்டர் ஃபாம் குடியிருப்பில் கலவரம். ஒரு பொலிஸ்காரரும் கொல்லப்பட்டார். 2011 ஆவணியில் மார்க் டகன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகு இங்கிலாந்தின் பல நகரங்களுக்குப் பரவிய கலவரமும் டொட்டன்ஹாம் ஹைரோட்டில்தான் மூண்டது. வெளியில் உள்ளவர்களுக்கு டொட்டன்ஹாம் என்றால் இந்த இரண்டு நெருப்பு மட்டும்தான் ஞாபகம். வீட்டுக்குள் சோதனைக்கு ஆட்கள் ஏறினால் ஒரு தாயின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை மட்டக்களப்பாருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த 1985ஆம் ஆண்டில் ஹரிங்கே என்கிற அந்த உள்ளூராட்சி சபையின் தலைவராக இருந்தவர்தான் பேர்னி கிரான்ட். தென்னமெரிக்காக் கரையில் உள்ள கயானாவில், ஜோர்ஜ்டவுனில் 1944இல் பிறந்தவர். 1963இல் பிரித்தானியாவுக்கு வந்து, தொழிற்சங்கத்தில் வேலை செய்து மேலே வந்தவர். பிரித்தானியாவில் ஓர் உள்ளூராட்சி சபைக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். 1987இல் டொட்டன்ஹாம் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அந்தத் தேர்தலில் அவரோடு டயான் அபொட், போல் போட்டெங், ஆசியரான கீத் வாஸ் ஆகியோரும் வென்றார்கள். பாராளுமன்றத் திறப்பு விழாவுக்கு ஆபிரிக்க உடை உடுத்துப் போன மனுசன். 2000 சித்திரையில் இறக்கும்வரை டொட்டன்ஹாமின் உறுப்பினர் அவர்தான். கலை நிலையத்தை 2007இல் திறந்து அவருடைய பெயரை வைத்தார்கள். தலைவர் இறந்தால் நாங்கள் சந்தியில் சிலை வைத்து வருசத்துக்கு ஒருநாள் மாலை போடுவோம். அவர்கள் ஆடவும் பாடவும் ஒரு கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இடத்தைக் கண்டுபிடிப்பது சுகம். வூட் கிரீனில் இருந்து 243ஆம் இலக்க பஸ். நிலக்கீழ் ரயிலில் வருபவர்கள் செவன் சிஸ்டர்ஸ் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் டொட்டன்ஹாம் கிரீன் என்ற புல்வெளி வரும். பழைய நகரசபை மண்டபம் நிற்கிற வீதியில், அதற்குப் பக்கத்தில்தான் நிலையம். அந்த இடத்தில் முன்பு ஒரு பொதுக் குளிப்பிடமும் நீச்சல் குளமும் இருந்தன. அதன் பழைய முகப்பை இடிக்காமல் அப்படியே வைத்து, பின்பக்கம் புதுக் கட்டடங்களைக் கட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் டேவிட் அஜாயே, கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர். அமெரிக்காவில் வாஷிங்டனில் 2016இல் திறந்த கறுப்பின மக்களின் வரலாற்று அருங்காட்சியகத்தை வரைந்தவர்களில் ஒருவரும் இவர்தான். பழைய முகப்பைத் தாண்டி உள்ளே போனால் முற்றம், அதற்கப்பால் அரங்கு. ஏறத்தாழ 270 பேர் இருக்கலாம். சின்னச் சின்னக் கலைத் தொழில் செய்கிறவர்களுக்கு வாடகைக்கு அறைகளும் உண்டு.

முதல் நாள் நான் நிகழ்ச்சி பார்க்கப் போகவில்லை. வெஸ்ட் கிரீன் வீதிக்கு ஈரப்பலாக்காய் தேடிப் போனேன். கரீபியன் சாமான் விற்கிற கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கறிவாழைக்காய், மரவள்ளிக் கிழங்கு, சேனைபோல ஒரு பெரிய கிழங்கு, உப்பு மீன் என்று நம்முடைய சந்தைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சிபோல இருந்தது. ஈரப்பலாவைப் பசிபிக் தீவுகளில் இருந்து 1793இல் வெள்ளைக்காரர் கரீபியனுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள், தோட்டங்களில் வேலை செய்த அடிமைகளுக்கு மலிவான சாப்பாடாக இருக்கட்டும் என்று. இப்போது அது அந்தப் பிள்ளைகளின் ஆசைச் சாப்பாடு. இரண்டு காய் வாங்கினேன். பையின் பாரத்தில் கால் உளைந்தது. நிலையத்துக்குள் போய்க் கதிரையில் இருந்தேன். என்ன வேண்டும், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சேலைக்கு மேல் மருமகனின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, காலடியில் ஈரப்பலாப் பையோடு இருந்த என்னைப் பார்த்து, கதவடியில் நின்ற பிள்ளை சிரித்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் மறுகாலும் போனேன்.

மூன்றாவது முறை பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஒரு நடனம் பார்த்தேன். மேடையில் மூன்று மேளக்காரர், ஏழெட்டு ஆட்டக்காரர். ஒருவர் ஓரடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். எங்கள் கூத்தில் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவதுபோலத்தான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே சபை முழுவதும் பிற்பாட்டுத்தான். முன்வரிசைக் கிழவி எழும்பி நின்று பதில் பாடுகிறாள். பின்னால் இருந்த இளைஞர் கூட்டம் கைதட்டில் ஒரு இரட்டிப்புத் தாளம் போடுகிறது. ஐந்து வயதுப் பேத்தி என் மடியில் இருந்து வழுகி இறங்கி ஆடத் தொடங்கினாள். பிடித்து இருத்தப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி என் கையை மெல்லத் தட்டி, விடுங்கள், ஆடட்டும் என்றார்.

கதிரைகள் ஒரு பக்கம் பார்த்து இருந்தன. அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. எங்கள் கூத்தின் வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் இருந்து பார்த்த கண்ணுக்கு, ஆட்டக்காரர் முதுகைக் காட்டாமல் ஆடுவது எப்போதும் அரைவாசி ஆட்டம்தான். இது என் கண்ணின் பழக்கம்.

அந்தப் பெண்மணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற தாதி, ஊர் கயானாவில் பேர்பிஸ் பக்கம். நிகழ்ச்சி முடிந்து முன்கூடத்தில் இருந்து கதைத்தோம். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், அவருடையது கயானா இழுவை. இரண்டும் மெதுவாக நடந்துபோய்ச் சந்தித்தன. நான் இலங்கைத் தமிழ் ஆள் என்றதும், “மதராசியா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகு கைகளை இடுப்புக்கு நேரே ஒரு வட்டம் பிடித்துக் காட்டி, “தப்பு” என்றார்.

தப்பு! வட்டப் பறையின் பெயர். தமிழ்ச் சொல், கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வாயில், டொட்டன்ஹாமில்.

கதை இதுதான். கரீபியனில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி 1838 முதல் 1917 வரை இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலானோர் கல்கத்தாவில் ஏறியவர்கள். சென்னையில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் ஒரு பகுதி, அவர்களைத்தான் அங்கே மதராசி என்பார்கள். அவர்கள் மாரியம்மனைக் கொண்டுபோனார்கள், தப்பையும் உடுக்கையும் கொண்டுபோனார்கள். இன்றும் கயானாவில் காளியாத்தா, மாரியம்மா என்று பூசை நடக்கிற கோயில்களில் தப்பு அடித்து, வேப்பிலை வைத்து, தெய்வம் வந்து ஆடுகிறார்கள். நோய் நொடிக்குக் கட்டுப்போடக் கறுப்பின மக்களும் அங்கே போவார்களாம். சின்ன வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன் என்றார் அந்தத் தாதி அம்மா. நான் எங்கள் ஊர்ச் சடங்கைச் சொன்னேன். கட்டாடியார், உடுக்கு, பறைமேளம், வேப்பிலை, தெய்வம் ஆடுகிறவர், வைகாசியில் கண்ணகை அம்மனின் குளிர்த்தி. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். நான் கதிரையின் கைப்பிடியில் அப்பாவின் “தாதெய்யத்தோம்” தாளத்தைத் தட்டிக் காட்டினேன். முதலில் மெதுவாக. பிறகு, யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை என்று கண்டதும், கைநோகத் தட்டினேன். அவர் தொடையில் தட்டிப் பதில் தந்தார். ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இங்கே எனக்கு ஒன்று விளங்கியது. சத்தத்துக்கு இடம் கேட்டு அலைவது அந்த மக்களுக்குப் பரம்பரை அனுபவம். கரீபியன் தீவான டிரினிடாட்டில் 1880களில், திருவிழாக் கலவரங்களுக்குப் பிறகு, மேளம் அடிப்பதற்கு வெள்ளைக்கார அரசு தடை போட்டது. சனங்கள் மூங்கில் குழாய்களை வெட்டி நிலத்தில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930களில் பிஸ்கட் தகரம், பெயின்ட் தகரம். பிறகு எண்ணெய்ப் பீப்பாயின் தலையை வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரத்தை எடுத்தார்கள். அதுதான் ஸ்டீல் பான். 1951இல் அந்த இசைக்குழு ஒன்று லண்டனுக்கு வந்து பெரிய விழாவில் வாசித்தபோது, தகரத்தில் இருந்து இந்த நாதம் எப்படி வருகிறது என்று வெள்ளைக்காரர் வாய்பிளந்து நின்றார்களாம். 1958இல் நொட்டிங் ஹில்லில் கறுப்பின மக்களை அடித்துத் துரத்திய கலவரத்துக்குப் பதிலாக, டிரினிடாட்டில் பிறந்த கிளோடியா ஜோன்ஸ் என்ற பத்திரிகையாளர் 1959 தையில், அந்தக் குளிருக்குள், சென் பங்கிராஸ் நகரமண்டபத்தில் ஒரு கார்னிவல் நடத்தினார். வெளியே ஆடவிடாவிட்டால் உள்ளே ஆடுவோம் என்று. இன்று லண்டன் வீதிகளில் நடக்கிற நொட்டிங் ஹில் கார்னிவலின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

என் அப்பாவின் மத்தளத்தை 1990 இடப்பெயர்வில் சாக்கில் சுற்றி, நெல்லுப் பட்டறைக்குள் ஒளித்துவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது தோலைக் கறையான் தின்றிருந்தது. பிறகு பல வருசம் இரவில் வெளிச்சம் வைக்கவே பயம், விடிய விடியக் கூத்து எங்கே? பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, விரலால் மட்டும் தட்டிப் பிள்ளைகளுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுத்தார் அப்பா. இதையும் அந்தத் தாதி அம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்தும் எங்கள் கூத்துக்காரருக்கு ஒரு சொந்தக் கூரை கிடைத்ததா? இரண்டு வருசத்துக்கு முதல், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வந்த ஒரு கூத்துக் குழுவுக்கு நகரத்தில் நாலு நாள் ஒத்திகை பார்க்க இடம் தேடி நானும் அலைந்தேன். ஒரு பொது மண்டபத்தில், மேளம் என்றால் தரமாட்டோம் என்றார்கள். இன்னோரிடத்தில் இரவு ஏழு மணிக்குப் பூட்டிவிடுவோம் என்றார்கள். வயலில் இருந்து ஆட்டக்காரர் வந்து சேருவதே ஏழு மணிக்கு. பறைமேளக் குழு என்று சொல்லிக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசிக்கவும் மனம் இல்லை. கடைசியில் ஒரு தோழியின் வளவில், தென்னைக்குக் கீழே ஆடினார்கள். எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கல்லடியில் விபுலாநந்தரின் பெயரில் ஒரு அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் கூத்தும் பறையும் பயிலுகிறார்கள், பெரிய காரியம். ஆனால் பரீட்சை எழுதாத, பட்டம் வேண்டாத அண்ணாவியாருக்கும் பறைக்காரருக்கும் டச்பார் வயலின்காரருக்கும், யாரிடமும் திறப்புக் கேட்காமல் போய் அடிக்க ஓர் இடம் வேண்டும். டொட்டன்ஹாமில் நான் பொறாமைப்பட்டது கட்டடத்தைப் பார்த்து இல்லை. அந்தக் கதவு அவர்களுடையது என்பதைப் பார்த்து.

சரி, தங்கச்சிக்குத் தேவையான விபரங்கள். ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி இருக்காது. மகளிடம் சொல்லி இணையத்தில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கட்டணம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். பவுணை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், அதனால் மாற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பகல் நிகழ்ச்சிக்குப் போவது நல்லது, இரவுக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்பது எங்கள் எலும்புக்கு ஆகாது. ஆங்கிலம் போதாதே என்று பயப்பட வேண்டாம், நடனமும் இசையும் உள்ள நாளாகப் பார்த்துப் போனால் சரி. வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் ஃபின்ஸ்பெரி பார்க் பக்கம், ஸ்ட்ரவுட் கிரீன் வீதியில் நியூ பீக்கன் என்ற, கறுப்பின மக்களின் புத்தகக் கடைக்கும் ஒருநாள் போகலாம். டிரினிடாட்டுக்காரரான ஜோன் லா ரோஸும் சேரா வைட்டும் 1966இல் தொடங்கியது. தென் லண்டனில், பிரிக்ஸ்டனில் கறுப்பின மக்களின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தூரம்தான், ஆனால் எங்கள் ஏடுகளையும் கொப்பிகளையும் கறையான் தின்னப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அங்கே ஒரு துண்டுப் பிரசுரத்தைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததைப் பார்க்கக் கண் கலங்கியது.

திரும்பி வந்த கிழமையே கன்னன்குடாவுக்குப் போனேன். அப்பாவின் இடத்தில் இப்போது மத்தளம் அடிக்கிற அண்ணாவியாருக்கு, அந்தத் தாதி அம்மா தொடையில் தட்டிய தாளத்தை டெலிபோனில் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் மத்தளத்தை மடியில் எடுத்து வைத்து, அதற்குப் பதில் அடித்தார். அதையும் பதிந்து வூட் கிரீனுக்கு அனுப்பினேன். மகள் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். தாதி அம்மா அழுதுவிட்டார் என்றாள்.

தங்கச்சியின் பெட்டியில் இன்னும் அரைக் கிலோ இடம் இருக்கிறதாம். அப்பாவின் சல்லரித் தாளச் சோடியைப் புளி போட்டுத் துலக்கி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். கருவாட்டுப் பையோடு சேர்த்து வைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

“ஆரிட்டக் குடுக்கிற டீச்சர்?”

“டொட்டன்ஹாமில, நிலையத்து முன்கூடத்தில. சனிக்கிழமைப் பின்னேரம் வருவா. நீயே உன்ர கையால குடு கா.”